இரண்டு நிமிடம் அசையாமல்

காலை ஆறரை மணி. பினாங்கில் அந்த நேரத்துக்கு இன்னும் இருட்டுதான். தெலுக் பஹாங்கிலிருந்து பாலிக் பூலாவ் போகும் மலைப்பாதையில் ஒரே ஒரு கார். இரவெல்லாம் மழை. வளைவுக்கு வளைவு செம்மண் சரிந்து கிடந்தது…

நெருங்கி உட்காருங்கள். இத்ரீஸ், நீயும்தான். கூடாரத்துக்குள் சாரல் அடிக்கிறது. விடிந்தால் கடலைப் படம் எடுக்கலாம். அதுவரை கதை வேண்டும் என்று நீங்கள்தான் கேட்டீர்கள்.

காரை ஓட்டியவர் லோகேஸ்வரன். நம் கேமராக் கூட்டத்துச் சுகுமாரனின் பெரியப்பா மகன். ஜுருவில் தொழிற்சாலை வேலை, பாகான் டாலாமில் வீடு, ஞாயிற்றுக்கிழமையானால் கேமரா. பக்கத்தில் மனைவி தனுஜா, மஞ்சள் மழைக்கோட்டில். அந்த வளைவுகளில் அவளுக்கு எப்போதும் குமட்டும். புளிப்பு மிட்டாய் ஒன்றை வாயில் ஒதுக்கியிருந்தாள்.

பாதையிலிருந்து அரை மணி நேரம் காட்டுக்குள் ஏறினால் ஓர் அருவி. பெயர் சொல்ல மாட்டேன். போய்விடுவீர்கள்.

அருவியை எப்படி எடுப்போம் என்று உங்களுக்குத் தெரியும். லென்ஸுக்கு முன்னால் கறுப்புக் கண்ணாடி. இரண்டு நிமிடம் ஷட்டர் திறந்தே இருக்கும். தண்ணீர் பால் போல விழும். குறுக்கே நடப்பவர் படத்தில் இருக்கவே மாட்டார். நிற்பவர் படத்தில் விழுவார், ஆனால் மூச்சு விடுகிறாரே… நெஞ்சுப் பக்கம் கலங்கித்தான் விழுவார்.

தனுஜா பாறைமேல் நின்றாள். முதல் படம் கலங்கியது.

"ஆடாம நில்லுலா."

"மூச்சு விடட்டுமா, அதுவும் வேணாமா?"

அடுத்ததும் கலங்கியது. அப்போதுதான் அவர் அந்தத் தப்பைச் செய்தார். காட்டுக்குள் வாய்விட்டு எதையும் கேட்கக் கூடாது. மலாய்க்காரர், சீனர், நாம், எல்லோர் வீட்டிலும் சொல்லி வளர்த்ததுதான். அவர் சத்தமாகவே சொன்னார்.

"அசையாம நிக்கத் தெரிஞ்ச ஒருத்தி கிடைச்சா உன்னை ஏன் கூட்டிட்டு வரேன்?"

தனுஜா சிரித்தாள்.

"அண்ணே, நானும் என் வீட்டுக்காரிகிட்ட அப்படித்தான் பேசுவேன்."

வீட்டில் பேசு, இத்ரீஸ். காட்டில் வேண்டாம்.

கேமராவைத் தொடர்ந்து மூன்று படம் எடுக்கும்படி வைத்துவிட்டு, தூறல் படாமல் குடையைப் பிடித்துக்கொண்டு அதன் பின்னால் குனிந்து உட்கார்ந்தார். ஆறு நிமிடம். ஐந்தாவது நிமிடத்தில் அருவிச் சத்தம் நின்றது. தலையைத் தூக்கினார். தண்ணீர் விழுந்துகொண்டுதான் இருந்தது. சத்தம் மட்டும் இல்லை. வாளியில் நாள்கணக்காக ஊறிய துணியின் வாடை… பிறகு சத்தம் திரும்பியது.

தனுஜா பாறையிலிருந்து இறங்கி வந்தாள். திரும்பும் வழியில் ஒரு வளைவிலும் அவளுக்குக் குமட்டவில்லை. மிட்டாயை நீட்டினார். என்ன இது என்பது போலப் பார்த்தாள்.

மறுநாள் மாலை கெலுகோரில் என் வீட்டுக் கதவைத் தட்டினார். கையில் மடிக்கணினி.

அந்த மூன்றில் முதல் படம். தனுஜா கலங்கலாக. அருவியின் ஓரத்தில் இன்னொரு பெண். முடி ஒவ்வொரு இழையாகத் தெரிந்தது. அத்தனை கூர்மை.

இரண்டாவது. அந்தப் பெண் தனுஜாவுக்கு ஒரு சாண் தூரத்தில். அதே கூர்மை.

மூன்றாவது படத்தில் தனுஜா கூர்மையாக இருந்தாள். இமை மயிர் வரைக்கும். பக்கத்தில் இருந்தவளுக்குத்தான் நெஞ்சுப் பக்கம் கலங்கியிருந்தது.

லோகேஸ்வரன் தனுஜாவின் முகத்தைத் திரை முழுக்கப் பெரிதாக்கினார்.

"தம்பி, உன் வீட்டுக்காரி ஃபஸீலா இறந்த ராத்திரி முழுக்க பக்கத்துல நீதான் உட்கார்ந்திருந்த. உனக்குத் தெரியும். பார்த்துச் சொல்லு. கண்ணு மூடிட்டு நிக்கிறாளா, இல்ல…"

பார்த்தேன். இமைகள் முழுதாக மூடவில்லை. தாடை லேசாக இறங்கியிருந்தது. எனக்குத் தெரியும்.

"கண்ணசந்த மாதிரிதான் இருக்குண்ணே," என்றேன்.

"போய்த் தேடவா?"

"தேடுங்களேன்."

"யாரைக் காணோம்னு சொல்றது? அவ வீட்டுல மீன் பொரிச்சுக்கிட்டு இருக்கா."

அவர் தேடவில்லை. நான் உண்மையைச் சொல்லியிருந்தால் தேடியிருப்பார். அதை மட்டும் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

பன்னிரண்டு நாள் கழித்து, அருவிக்குக் கீழே ஒரு பாறையிடுக்கில் பெண் உடல் கிடைத்தது. முகம் அடையாளம் தெரியவில்லை. மஞ்சள் மழைக்கோட்டின் பையில் தனுஜாவின் அடையாள அட்டை. போலீஸ்காரர் பாகான் டாலாமுக்கு வந்து மணியடித்தார். கதவைத் திறந்தவள் தனுஜா. அட்டையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மலையில் மழைக்கோட்டைத் தொலைத்தீர்களா என்று கேட்டாராம். ஆமாம் என்றாளாம்.

இருந்தாலும் ஒரு முறை வந்து பார்த்துச் சொல்லும்படி கேட்டுக்கொண்டார். இருவரும் போனார்கள். காரை நான்தான் ஓட்டினேன்.

பிணவறையில் வெள்ளைத் துணியைக் கால் பக்கம் விலக்கினார்கள். விரலில் மெட்டி. லோகேஸ்வரன் தன் கையால் போட்டுவிட்டது. வெகுநேரம் அதையே பார்த்தார். தனுஜா அவர் முழங்கையைப் பிடித்தபடி நின்றாள். வெளியே வந்ததும் ஒரு தாளை நீட்டினார்கள். இறந்தவருக்கும் உங்களுக்கும் என்ன உறவு என்று அதில் ஒரு கட்டம்.

பேனா அந்தக் கட்டத்தின்மேல் நின்றது. அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

'தெரியாதவர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அங்கே வரிசையாக நாற்காலிகள் இருந்தன. வந்ததிலிருந்து தனுஜா உட்காரவே இல்லை. மை காய்கிற வரை அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, மெதுவாகப் போய் உட்கார்ந்தாள்… முதுகைச் சாய்த்து, இரண்டு காலையும் நீட்டி, வருஷக்கணக்காக நின்றே இருந்த ஒருத்தி உட்காருவது போல.