நாற்பது வால்துண்டு

— நாப்பது மீனுக்கும் ஒரே தாய்வழி, உடையப்பன். இதை நான் எப்பிடி நம்புறது?

— டீ ஆறுது டாக்டர். ஈப்போவுலேர்ந்து இவ்ளோ தூரம் கார ஓட்டிட்டு வந்து வாசல்லயே நிக்கிறீங்க. உக்காருங்க லா.

— இருக்க வரேல்லை. நாளைக்குக் காலமை மீன்பிடி இலாகாவில கூட்டம். அதுக்கு முன்னம் உங்களிட்ட ஒண்டு கேக்கவேணும். அந்த வால்துண்டுகளை வெட்டினது ஆர்?

— நான்தான். வேற யாரு? பாசார்ல இந்தக் கை வெட்டாத மீனா?

— ஏங்க, டாக்டரம்மா கேக்குறாங்கல்ல, உள்ளத…

— கலா, நீ போயி அடுப்பப் பாரு. டாக்டர், மொதல்ல எனக்குப் புரியிற மாதிரி சொல்லுங்க. நாப்பது தெங்கிரி மீனு, நாப்பது வால்துண்டு, நாப்பது போத்தல். பெட்டி கொஞ்சம் லேட்டா வந்துச்சு, ஒத்துக்கிறேன். வேன் ரிப்பேர்னு அப்பவே சொன்னேன். வேற என்ன தப்பு?

— கேளுங்கோ. ஒவ்வொரு மீனின்ட உடம்பிலயும் தாயிட்ட இருந்து மட்டும் வாற ஒரு சுவடு இருக்கு. தகப்பன்ட பங்கு அதில கிடையாது. தாய், தாயின்ட தாய், அவவின்ட தாய் எண்டு பின்னுக்குப் போகும். அஞ்சு வருசத்துக்கு முன்னம் படகு வாற இதே ஜெட்டியில, தை பிறந்த பிறகு வடக்க போற இதே தெங்கிரிக் கூட்டத்தில, நாப்பது மீன் எடுத்துப் பாத்தனான். இருபத்தாறு தாய்வழி இருந்தது. இந்த வருசம் ஒண்டே ஒண்டு.

— பொறுங்க, பொறுங்க. எங்க பழைய லயத்த வச்சுப் பாக்குறேன். ரப்பர் இருந்த காலத்துல நாப்பது வீடு. ஒரு வீட்டு ஆத்தா சேலம், பக்கத்து வீட்டு ஆத்தா திருச்சி, கோடி வீட்டு ஆத்தா தெலுங்கு. இன்னிக்கு நான் போயி கதவத் தட்டுறேன். நாப்பது கதவையும் ஒரே ஆத்தா வயித்து வழியில வந்த புள்ளைங்களே தொறக்குதுங்க. அப்படியா?

— அப்பிடியேதான்.

— அப்ப மத்த ஆத்தாங்கல்லாம் எங்க போனாங்க டாக்டர்?

— அதைத்தான் ரெண்டு கிழமையா நானும் கேட்டுக்கொண்டிருக்கிறன். நித்திரை இல்லை. ஒரு குட்டையில கிடக்கிற மீன் எண்டால் விளங்கும். இது கடலெல்லாம் சுத்தித் திரியிற மீன். எங்கெங்கேயோ பிறந்ததெல்லாம் ஒண்டாய்ச் சேர்ந்து எங்கட கரையால போறது. அதில ஒரு வழி மட்டும் மிஞ்சியிருக்கு எண்டால், மற்றதெல்லாம் முடிஞ்சுது எண்டு அர்த்தம். மிஞ்சினதும் கனகாலம் நிக்காது.

— அலாமாக். நேத்துகூட ஒரு மலாய்க்கார மாக்சிக்கு நல்ல பெருசா நறுக்கிக் குடுத்தேன் டாக்டர். அதுவும் அந்த ஆத்தா புள்ளையா?

— பகிடி வேண்டாம் உடையப்பன். இன்னொரு வழியும் இருக்கு. நாப்பது போத்தலுக்குள்ளயும் ஒரே மீனின்ட வால் இருந்தாலும் எனக்கு இதே முடிவுதான் வரும். ரெண்டில ஒண்டு. அதுதான் வந்தனான்.

— ஓ. அப்ப என்னைத் திருடன்னு சொல்ல வந்தீங்க.

— அப்பிடிச் சொல்லேல்லை.

— சொல்லாம சொல்றீங்க. நேத்து ஐஸ்ல கெடந்தத இன்னிக்கு எறங்குனதுன்னு வித்திருக்கேன், இல்லங்கல. கார் பெருசா இருந்தா வெலையும் பெருசாகும், அதையும் இல்லங்கல. ஆனா உங்க போத்தல்ல நான் வெளாடல டாக்டர். எங்கிட்ட யாரும் இது வரைக்கும் படிப்பு சமாச்சாரத்துக்குன்னு ஒரு வேலை குடுத்தது இல்ல.

— நாளைக்கு நான் இதைக் கூட்டத்தில வச்சால் என்ன நடக்கும் எண்டு தெரியுமோ? அந்தக் கரை முழுக்கத் தெங்கிரி பிடிக்கத் தடை வரும். ரெண்டு வருசம், மூண்டு வருசம்.

— மூணு வருசமா? நான் என்ன செய்யிறது? செம்பனைத் தோட்டத்துக்குள்ள என் வேன் ஹாரன் கேட்டு சனம் வெளிய வாரதே தெங்கிரிக்குத்தான். சாடின் வாங்கவா வராங்க? அது டின்னுலயே கெடைக்குது.

— எனக்கும் விருப்பமில்லை. பிழையான கணக்கில ஒரு கடலை மூடிப்போட்டன் எண்டு நாளைக்கு ஆரும் சொல்லக்கூடாது. சரியான கணக்கு எண்டால் மூடாமல் விடவும் ஏலாது.

— டாக்டரம்மா, அவர ஒண்ணும் கேக்காதீங்க. வெட்டினது நான்.

— கலா, பேசாம இரு.

— நீங்க பேசாம இருங்க. எத்தன நாளைக்கு இத வயித்துல கட்டிக்கிட்டு இருக்குறது. டாக்டரம்மா, தைப்பூசத்துக்கு இவரு கல்லுமலைக்குக் காவடி எடுத்தாரு. மக நல்லபடியா புள்ளப் பெத்து எந்திரிச்ச நேர்த்தி. மாலை போட்டாச்சு, வியாபாரத்த மூடியாச்சு, வேனக் கழுவி மஞ்சத்தண்ணி தெளிச்சு அந்தாண்ட நிப்பாட்டியாச்சு. அப்பப் பாத்து நீங்க போன் போட்டீங்க. மீன் போகுது, இப்பவே வேணும்னு.

— ஓம், நான்தான் அவசரப்படுத்தினனான். விரதம் எண்டு எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே உடையப்பன்.

— எப்படி டாக்டர் சொல்றது? நீங்க மிசினு வச்சுப் பாக்குறவங்க. வேலு, வெரதம்னா சிரிப்பீங்கன்னு நெனச்சேன்.

— நான் வெள்ளிக்கிழமை மச்சம் மாமிசம் தொடாத ஆள்.

— அது எனக்கு யாரு சொன்னா.

— நான் சொல்லி முடிச்சுக்கிறேன், ரெண்டு பேரும் அப்புறம் பேசுங்க. மாலை போட்ட கையால மீனத் தொடக்கூடாது. நீ போயி வெட்டிட்டு வான்னாரு. எந்தம்பி ராமையா காருல ஜெட்டிக்குப் போனேன். படகுக்காரரு குமிச்சு வச்சிருக்காரு. கத்தியக் கையில எடுத்தேன், கை ஓடல. வீட்டுல வெரதம் டாக்டரம்மா. நாப்பது உயிரு மேல கத்தி வச்சா அந்தப் பாவம் எங்க போவும்? காவடி சொமக்குற மனுசன் தோள்ல ஏறாதா? அலகு குத்துறப்ப ரத்தம் வந்துருச்சுன்னா?

— கலா, நீ என்ன செஞ்ச?

— ஒரே ஒரு மீன எடுத்தேன். செத்த மீனுதான். இருந்தாலும் மன்னிச்சுக்கோன்னு சொன்னேன். அதோட வால நாப்பதாக் கீறி, நாப்பது போத்தல்லயும் போட்டுட்டேன். பாவம் ஒண்ணோட நிக்கட்டும்னு.

— ஒரே மீனா?

— ஒரே மீன்தாங்க. எல்லாம் ஒரு கூட்டம், ஒரு சாதி. எதுல வெட்டினா என்னன்னு நெனச்சேன். டாக்டரம்மா, திட்டறதுன்னா என்னத் திட்டுங்க.

— கடவுளே. கலா, இங்க வாங்கோ. இப்பிடி இருங்கோ. நான் திட்டேல்லை, சிரிக்கிறன். ரெண்டு கிழமையா அந்தக் கடல் செத்துப்போச்சு எண்டு ராவு ராவாய் அழுதிருக்கிறன். நீங்கள் ஒரு மீனைக் கீறினதுக்கு.

— அப்ப கடல மூட மாட்டாங்கல்ல?

— எதுக்கு மூடுறது? மாதிரி எடுத்ததில பிழை நடந்துட்டுது எண்டு நாளைக்கு எழும்பிச் சொல்லுவன். கொஞ்சப்பேர் சிரிப்பினம். சிரிக்கட்டும்.

— பாத்தீங்களாங்க? இதச் சொல்லத்தான் நான் பயந்துகிட்டு இருந்தேன். முருகன் கைவிடல. டாக்டரம்மா, நாளைக்கே உங்களுக்கு நல்ல தெங்கிரியா ஒண்ணு எடுத்துத் தரச் சொல்றேன். வெள்ளிக்கிழமை இல்லல்ல?

— புதன். தாங்கோ, சாப்பிடுவம். உடையப்பன், என்ன முகம் இப்பிடி வெளிறிக் கிடக்கு? உங்களில கோவமில்லை. நான்தான் மன்னிப்புக் கேக்கவேணும். சந்தேகப்பட்டு வந்தனான்.

— இல்ல டாக்டர். அதுக்கில்ல.

— பிறகென்ன? சரி, ஒரு உதவி செய்யுங்கோ. நான் உங்களுக்குப் போத்தல் அடுக்கின ரெண்டு பெட்டி தந்தனான் எல்லோ, ஒண்டு பழுதானால் மற்றது எண்டு? அந்த வெறும் பெட்டியை எடுத்துக்கொண்டு வாங்கோ. வடக்க போன கூட்டத்தை வழியில மறிச்சு, இந்தத் தரம் நானே நிண்டு வெட்டுறன்.

— டீ ஆறிப்போச்சு டாக்டர், வேற போடச் சொல்றேன்.

— ஏங்க, டாக்டரம்மா பெட்டி கேக்குறாங்க. வேன் பின்னாடிதானே கெடந்துச்சு.

— இல்ல கலா. அங்க இல்ல.

— எலி கடிச்சுட்டுதோ? பரவாயில்லை, என்னட்ட வேற இருக்கு. அந்த டீயைத் தாங்கோ, இப்ப குடிப்பன்.

— டாக்டர், நான் ஒண்ணு கேக்கட்டுமா. இப்ப இவ சொன்னத நீங்க அப்படியே எடுத்துக்கிட்டீங்கன்னா, கடல் தொறந்திருக்கும். என் வேனும் ஓடும். இல்லியா?

— இதென்ன கேள்வி? அவ சொன்னதுதானே உண்மை.

— உண்மைதான். இவ பொய் சொல்ல மாட்டா. அன்னிக்கு அந்தப் பெட்டியோட வீட்டுக்கு வந்தா. வாசப்படியிலயே மீன் வாட. சாமி அறையில வேலு இருக்கு, என் கழுத்துல மாலை இருக்கு. இவ மூக்கப் பொத்திக்கிட்டு வெட்டிட்டு வந்திருக்கா, அவளை ஒண்ணும் சொல்ல மனசு வரல. அவ தூங்கின பெறகு, கையால தொடாம, ஒரு கம்பால பெட்டியத் தள்ளிக்கிட்டே போயி, செம்பனைக் காட்டுக்குள்ள குழி தோண்டிப் பொதச்சிட்டேன்.

— என்னங்க சொல்றீங்க? அத டாக்டரம்மாவுக்கு அனுப்பிட்டேன்னு சொன்னீங்களே.

— உடையப்பன். அப்ப எனக்கு வந்த பெட்டி எது?

— ரெண்டாவது பெட்டி டாக்டர். மாலை கழட்டினதுக்கு அப்புறம் நானே ஜெட்டிக்குப் போனேன். நாப்பது மீனத் தனித்தனியா தூக்கி, நாப்பது வால, இந்தக் கையாலதான் வெட்டினேன்.