பெட்டிக்கு உயிர் பார்ப்பது

கம்ப்யூட்டர் எழும்பவில்லை என்று யாராவது வந்து சொன்னால், நான் முதலில் கேட்பது சுவரைப் பற்றித்தான். ஐயா சிரிக்கிறீர்கள், பரவாயில்லை. பாதிப் பேருடைய பிரச்சினை சுவரோடு முடிந்துவிடும். ப்ளக் சரியாக உட்கார்ந்திருக்காது, அல்லது வீட்டில் யாராவது அதைக் கழற்றிவிட்டுக் கேத்தலைச் செருகியிருப்பார்கள். பெட்டியைத் திறப்பதற்கு முன் வெளியில் இருப்பதை எல்லாம் பார்த்து முடிக்க வேண்டும். மஸ்கெலியா பஸ் ஸ்டாண்டுக்கு மேலே கடை போட்ட நாளிலிருந்து இந்த ஒழுங்கை நான் மாற்றியதில்லை.

கிஷாந்த் செத்ததைப் பற்றித்தான் ஐயா கேட்கிறீர்கள். அங்கேதான் வருகிறேன். மரண விசாரணையில் ஈரத்தரையில் நின்றதால் கரண்ட் அடித்தது என்று முடித்துவிட்டார்கள். அது பிழையான முடிவு. பிழை ஓரிடத்தில் இருக்க, இன்னோரிடத்தைக் காட்டிவிட்டுப் போவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அதனால்தான் யாரும் கூப்பிடாமலே நானாகப் பொலிஸ் ஸ்டேஷனுக்கு வந்தேன்.

ஐயா யாழ்ப்பாணத்துக்காரர் என்பதால் எங்கள் பக்கத்து நிலவரத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். தேயிலைத் தோட்டத்து லயங்கள் என்றால் ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகள், கரண்ட் ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு இழுத்தது. கசிகிற கரண்டை மண்ணுக்குள் இறக்குகிற எர்த் வயர் என்பது பேச்சுக்குக்கூடக் கிடையாது. எர்த் இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் பெட்டியின் இரும்பு லேசாகக் கடிக்கும். எறும்பு கடிக்கிற அளவுதான். வேறு ஊரில் பயந்து ஓடுவார்கள். நாங்கள் அதையே ஒரு வசதியாக்கிக்கொண்டோம். பெட்டி எழும்பவில்லையா, விரலின் பின்பக்கத்தை இரும்பில் வைத்துப் பார்ப்பது. கடித்தால் கரண்ட் பெட்டி வரைக்கும் வருகிறது, பழுது உள்ளே. கடிக்காவிட்டால் சுவரிலோ வயரிலோ பழுது. "உயிரு இருக்கா பாரு" என்போம். பின்கைதான் வைக்க வேண்டும். பெரிதாக அடித்தால் கை தானாக விலகிவிடும். உள்ளங்கையால் பிடித்தால் விரல் மடங்கி இறுகிக்கொள்ளும், விடாது. இந்தத் தோட்டங்களில் இதைப் பரப்பியவன் நான். இன்றைக்குத் தோட்டத்தின் மேல் டிவிசனில் கொழுந்து பறிக்கிற பெண்கள்கூடப் பெட்டிக்கு உயிர் பார்ப்பார்கள்.

கிஷாந்த் அந்த மேல் டிவிசன்காரன். கொழும்பில் ஒரு கம்பனியில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தான். நாட்டில் பொருளாதாரம் எல்லாம் விழுந்தபோது கம்பனியும் விழுந்தது. பெண்சாதி பிரேமினியைக் கூட்டிக்கொண்டு தாய் வீட்டுக்கே வந்துவிட்டான். அவள் டிவிசனிலேயே முன்பள்ளி டீச்சர் ஆனாள். வாசிகசாலையில் யாரோ தானமாகக் கொடுத்த பழைய கம்ப்யூட்டர் ஒன்று சும்மா கிடந்தது. அதை எழுப்பி, பிள்ளைகளுக்குப் பரீட்சைத் தாள் எடுத்துக் கொடுப்பதும் பெரியவர்களுக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுப்பதுமாக இருந்தான். நல்லவன். அதை நான் சொல்லியே ஆக வேண்டும். என்னைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கித்தான் பேசுவான்.

பிறகு ஃபோனில் ஒரு குரூப் தொடங்கினான். பழுதைப் படம் பிடித்து அதில் போட்டால் அவன் பதில் சொல்லுவான். "ராம் தகட்டக் கழட்டி அழிறப்பரால தேச்சுப் போடுங்க, சரியாயிரும்." சரியாகிவிடும்தான். எங்கள் பனிக்கு அந்தத் தகடுகளில் களிம்பு பிடிக்கும், தேய்த்தால் போய்விடும். அதே வேலையை நான் கடையில் திரைக்குப் பின்னால் வைத்துச் செய்வேன். சாயங்காலம் வாங்க என்று அனுப்பிவிடுவேன். அவன் திரையை விலக்கிவிட்டான், அவ்வளவுதான்.

பொறாமை என்று எழுத வேண்டாம். அது என் சுபாவம் இல்லை. முன்பெல்லாம் நான் டிவிசனில் பஸ்ஸை விட்டு இறங்கினால் யாராவது ஓடிப்போய் நாற்காலி கொண்டுவருவார்கள். தேத்தண்ணிக் கடை ராக்காயி எனக்கென்று ஒரு கிளாஸைத் தனியாகக் கழுவி வைத்திருப்பாள். பெட்டி எழும்பும் வரைக்கும் வாசலில் கூட்டம் நிற்கும். எழும்பியதும் ஒரு சத்தம் வரும் பாருங்கள், பிள்ளை பிறந்த வீட்டில் வருகிற மாதிரி. போன மாசி மாதத்தில் ஒரு நாள் சும்மா போய் இறங்கினேன். பழுது பார்க்கிற ஆயுதப் பை தோளில்தான் இருந்தது. ராக்காயி கேட்டாள்:

"என்னண்ணே இந்தப் பக்கம்? யாரு வீட்டுல விசேஷம்?"

அவள் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஆனால் எனக்கு மனசு கசந்துவிட்டது. தேத்தண்ணியை முழுக்கக் குடிக்காமலே அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன்.

அதற்கப்புறம்தான் வாசிகசாலைப் பெட்டிக்கு நோய் வந்தது. தேயிலைத் தொழிற்சாலையில் மெஷின் ஓடத் தொடங்கினால் அந்த டிவிசன் முழுக்க வோல்டேஜ் இறங்கும், பல்ப் மங்கும். அந்த நேரத்தில் பெட்டி தானாக அணைந்து தானாக எழும்பியது. பிறகு எழும்பவே இல்லை. கிஷாந்த் அதை ஒரு பெட்ஷீட்டில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு என் கடைக்கு வந்தான்.

"பவர் சப்ளை போயிருச்சுன்னு நெனைக்கிறேண்ணே. உங்ககிட்ட ஒன்னு இருக்குமா?"

"நெனைக்கிறியா, தெரியுமா?"

சிரித்தான். "நெனைக்கத்தாண்ணே செய்றேன். நீங்க பாத்துச் சொல்லுங்க."

"வச்சிட்டுப் போ. நானே கொண்டாந்து மாட்டித் தர்றேன்."

"உங்களுக்கு ஏண்ணே சிரமம்?" என்றான். ஆனால் முகம் மலர்ந்துவிட்டது. பஸ் வரும் வரைக்கும் கடை வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தான். பிரேமினி முழுகாமல் இருக்கிறாள் என்று அப்போதுதான் சொன்னான். சந்தோஷம் என்றேன்.

அவன் சொன்னது சரி. பவர் சப்ளைக்குள் கெபாசிட்டர் வீங்கிப் போயிருந்தது. நான் வேறொன்று போட்டேன். முதல் அமுக்கிலேயே பெட்டி எழும்பியது. தூசி தட்டினேன், ராமைத் தேய்த்தேன், மணி காட்டுகிற சின்ன பேட்டரியையும் மாற்றினேன். ஒரு பகல் முழுக்க ஓடவிட்டுப் பார்த்தேன், ஒரு தடவைகூட அணையவில்லை. என் கையில் அந்தப் பெட்டி சுகமாகித்தான் இருந்தது. இதை ஐயா மறக்காமல் குறித்துக்கொள்ள வேண்டும்.

அதற்குப் பிறகு அதில் இரண்டு வேலை செய்தேன். ஒன்று, அது திரும்ப எழும்பாதபடி செய்தேன். மற்றது, பெட்டியின் இரும்புக்கு வரக்கூடாதது அங்கே வரும்படி செய்தேன். எப்படி என்று விவரிக்கப் போவதில்லை. பெட்டி உங்கள் ஸ்டோரில்தான் இருக்கிறது. வந்தவர்கள் மேலால் பார்த்துவிட்டு, எர்த் இல்லாத கட்டடம், ஈரத்தரை என்று போய்விட்டார்கள். தொழில் தெரிந்த ஒருவரைக் கொண்டு நிதானமாகத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். அவசரத்தில் செய்த வேலை இல்லை என்று அவருக்குத் தெரியும்.

பெட்டியை நானே கொண்டுபோய் வைத்தேன். வாசிகசாலையில் சரஸ்வதி படம் மாட்டியிருக்கிறது. அதனால் யாரும் செருப்போடு உள்ளே போவதில்லை. நானும் வாசலில் கழற்றினேன். சிமெந்துத் தரை, பனிக்காலத்தில் பகலிலும் சில்லென்று கசிந்துகொண்டிருக்கும். சுவரில் ஒரு ட்ரிப் சுவிட்ச் உண்டு. கரண்ட் தப்பான வழியில் போனால் உடனே விழுந்து ஆளைக் காப்பாற்றுகிற சாமான். மழை பெய்தால் அது அடிக்கடி விழும், பிள்ளைகள் செய்த வேலை எல்லாம் அழிந்துபோகும். அதைச் சரிசெய்து தரும்படி ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு அதையும் பார்த்துவிட்டேன். இனி விழாது என்று சொன்னபோது பிள்ளைகள் கை தட்டினார்கள்.

பிரேமினி இஞ்சி தட்டிப் போட்டுத் தேத்தண்ணி தந்தாள். நான் அவளிடம் சொன்னேன்: "இப்ப மெஷின் ஓடுது, வோல்டேஜ் பத்தாது. இன்னைக்கிப் போட வேணாம். நாளைக்கி கிஷாந்தே வந்து போடட்டும். அதுவரைக்கும் பிள்ளைங்க யாரையும் கிட்ட விட்டுறாதீங்க." அவள் பெட்டிக்கு முன்னால் பிள்ளைகள் உட்காருகிற வாங்கு ஒன்றைக் குறுக்கே இழுத்துப் போட்டாள். பிள்ளைகள் விஷயத்தில் நான் பொறுப்பில்லாமல் நடந்தேன் என்று ஒருத்தரும் சொல்ல முடியாது.

பெரிதாக ஒரு கடி கடித்தால் போதும், அத்தனை பேருக்கு முன்னால் கையை உதறிக்கொண்டு நிற்பான், பிறகு என்னைத் தேடுவார்கள். இவ்வளவுதான் நான் நினைத்தது என்று செத்தவீடு முடிந்த பிறகு எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். பழுது பார்க்கிறவன் ஒரு காரணத்தைச் சும்மா நம்பக் கூடாது, சோதித்துப் பார்க்க வேண்டும். ட்ரிப் சுவிட்சை எதற்காகத் தொட்டாய் என்று கேட்டால் அந்தக் காரணம் நிற்கவில்லை. ஆகவே அதைத் தள்ளிவிட்டேன்.

செத்தவீட்டில் பிரேமினி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "தரையை நான்தானேண்ணே தொடச்சேன். காய விட்டிருந்தா அவரு இருந்திருப்பாருல்ல? கடைசி வரைக்கும் நீங்கதாண்ணே ஃபோன்ல கூட இருந்தீங்க." கிஷாந்தின் தாய் வீரம்மா அவளை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. எட்டாம் நாள் சாமி கும்பிட்டு முடிந்ததும் ஊர் கேட்கச் சொன்னாள்: "எம்புள்ளைய ஈரத்துல நிக்க வச்சுக் கொன்னவ நீ. ஒன் வவுத்துல உள்ளத எடுத்துக்கிட்டு ஒங்க ஆத்தா வீட்டுக்கே போ." அவள் ராகலைக்கு, தாய் வீட்டுக்கே போய்விட்டாள் என்று கேள்விப்பட்டேன். முன்பள்ளி வேலையையும் விட்டுவிட்டாளாம், சாப்பிடுவதும் இல்லையாம். பாவம். தரையில் ஒரு குற்றமும் இல்லை ஐயா. காய்ந்த தரையாக இருந்தாலும் நடப்பதுதான் நடந்திருக்கும். அவள் அந்த வீட்டு மருமகளாக அங்கேயே இருக்கட்டும். இதை எழுதி வீரம்மாவுக்கு வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.

அந்த ஃபோன் பேச்சைத்தான் இனிச் சொல்ல வேண்டும். பிரேமினி உங்களுக்குச் சொல்லியிருப்பாள். ஆனால் அவளுக்கு அது வழக்கமான பேச்சாகத்தான் கேட்டிருக்கும்.

மறுநாள் மத்தியானம். கொழுந்தை எடை நிறுத்துக் கொடுத்துவிட்டுப் பெண்கள் வீட்டுக்குத் திரும்புகிற நேரம். கிஷாந்த் ஸ்பீக்கரில் போட்டிருந்தான். பின்னால் பேச்சும் சிரிப்பும் கேட்டது, கூட்டம் நின்றிருக்கிறது.

"அண்ணே, பெட்டி எழும்ப மாட்டேங்குதுண்ணே."

"செவத்துல சுவிட்சு போட்டிருக்கா?"

"போட்டிருக்கு."

"அதுல வேற எதாவது குத்திப் பாரு."

"சார்ஜர் குத்திப் பாத்தேன். நல்லா ஏறுது."

"திரும்ப வயரக் குத்து. பட்டன அமுக்கு. ஃபேன் சுத்துதா?"

"இல்லண்ணே."

"லைட்டு?"

"அதுவும் இல்ல."

அப்போது ராக்காயியின் குரல் கேட்டது. "என்னப்பா, நீதான் கொழும்புல படிச்சவனாச்சே. ஒனக்கே தெரியலையா?"

கிஷாந்த் சிரித்தான். "அழகண்ணனுக்குத் தெரிஞ்சதுல பாதி எனக்குத் தெரியாதுக்கா. குரூப்புல நான் சொல்றதெல்லாம் அவரு இந்தப் பக்கம் எல்லாருக்கும் பழக்கிவிட்டதுதான். அவரு இல்லாட்டி இந்தத் தோட்டத்துல ஒரு பெட்டியும் எழும்பியிருக்காது." ஆமா ஆமா என்று ரெண்டு மூன்று பேர் சொன்னார்கள். ஒரு கிழவர் எனக்கு ஃபோனிலேயே சலாம் வைத்தார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? அந்த வார்த்தைக்காகத்தான் மாசக்கணக்காக ஏங்கிக் கிடந்தேன். அதை அவன் வாயாலேயே, அத்தனை பேர் கேட்கச் சொல்லிவிட்டான். அவன் மேல் எனக்கு அப்போது ஒரு துளி கோபமும் இல்லை. சொல்லப்போனால் பாசம்தான் இருந்தது.

"இனி என்னண்ணே செய்யட்டும்?" என்று கேட்டான்.

வயரைக் கழட்டிவிட்டுப் பேசாமல் இரு, நான் வருகிறேன் என்று சொல்ல நேரம் இருந்தது. அடுத்த பஸ் என் கடைக்குக் கீழேயே நின்றது. போய் இறங்கியிருந்தால் நாற்காலி வந்திருக்கும்.

"உயிரு இருக்கா பாரு," என்றேன்.

"பின்கையாலதானேண்ணே?"

"இது புது சப்ளை, அதுல தெரியாது. கையால நல்லாப் புடிச்சுப் பாரு."

"சரிங்கண்ணே," என்றான்.

பிரேமினி கத்தியதும், யாரோ வாங்கைத் தள்ளியதும், ராக்காயி கரண்டை நிறுத்து கரண்டை நிறுத்து என்று ஓலமிட்டதும் எல்லாம் எனக்குக் கேட்டது. ஃபோனை நான் காதிலிருந்து எடுக்கவில்லை. அந்தப் பக்கம் முழுக்க அடங்கிய பிறகுதான் வைத்தேன். எடுத்த வேலையைப் பாதியில் விட்டுவிட்டுப் போகிற பழக்கம் எனக்கு எப்போதும் இருந்ததில்லை.