ஐஸ் தண்ணீரில் பிழைத்த கத்தரி

அன்பும் அறிவும் அணிசெய்யும் அவைத்தலைவர் நாகையா அவர்களே, விழா நாயகர், பயிர் ஆய்வாளர் டாக்டர் சிவகுருநாதன் அவர்களே, பிரிக்பீல்ட்ஸ் மண்டபம் நிறைந்திருக்கும் பெரியோர்களே, பெற்று வளர்த்த பெருமைக்குரிய தாய்மார்களே, நாற்காலி கிடைக்காமல் தூணோரம் நிற்கும் தோழர்களே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

நான் வாலண்டைன். கிள்ளான் துறைமுகத்தில் லோரிகளுக்குச் சீட்டு எழுதுகிறவன். டாக்டரைப் பாராட்ட எனக்கு ஐந்து நிமிடம் தந்திருக்கிறார்கள். பாராட்டு ஒரு நிமிடம். மீதி நான்கும் சண்டைக்கு.

டாக்டர் கண்டது என்ன? குளிர் தாக்கினால் செடியின் உயிரணுவில் நீர் வற்றுகிறது. உப்பு தாக்கினாலும் வற்றுகிறது. அந்த ஆபத்தில் உறங்கிக் கிடந்த மரபணு ஒன்று விழித்து, செடியைக் காக்கும் புரதத்தை உண்டாக்குகிறது. அந்த மரபணு சட்டென்று விழிக்கும் கத்தரியைக் கண்டார் டாக்டர். மலைக் குளிருக்கும் ஆகும், கடலோர உப்புக்கும் ஆகும். தட்டுங்கள் கையை.

தட்டியாயிற்றா? இனிக் கேளுங்கள். வருடமெல்லாம் வேர்த்து வழியும் நம் ஊரில் குளிர் தாங்கும் கத்தரி எங்கிருந்து வந்தது? கப்பலில் வந்ததா? காற்றில் வந்ததா? பண்டமாரானில், என் பக்கத்து வீட்டுப் பவுனம்மாளின் பாத்தியிலிருந்து வந்தது.

மீன் லோரிக்காரர்கள் பெட்டி கழுவி, ஐஸும் உப்பும் கலந்த தண்ணீரைத் தினமும் அந்தப் பாத்தியில்தான் கொட்டினார்கள். கேட்டதற்கு, "தண்ணிதானே ஆன்டி, செடிக்கு நல்லதுலா" என்றான் ஒருவன். சிரிக்கிறீர்கள், அவர் சிரிக்கவில்லை. செடிகள் செத்தன. பிழைத்த ஒன்றிரண்டில் விதை எடுத்தார். மறுபடி கொட்டினார்கள், மறுபடி எடுத்தார். எண்பத்து மூன்றிலிருந்து பதினொரு வருடம். பல்லைக் கடித்துக்கொண்டு இப்படிப் பொறுக்கி எடுத்ததற்குப் பெயர் ஆராய்ச்சி இல்லையா?

டாக்டர் வந்து ஒரு கைப்பிடி விதை கேட்டார். விலையும் கேட்டார். "விதைக்கு நான் காசு வாங்கறதில்லை தம்பி, கொண்டு போங்க" என்றார் பவுனம்மாள். விதை கேட்டு வந்தவரிடம் காசு வாங்குவது அவர் வீட்டு வழக்கமில்லை. டாக்டரோ மெத்தப் படித்தவர். காசு வாங்காத பொருளுக்குச் சொந்தக்காரரே கிடையாது என்று நினைத்துவிட்டார். அறிக்கையில் எழுதினார்: 'தானாக முளைத்தது, உரியவர் எவருமில்லை.'

போகட்டும், பெயருக்கு ஏங்குகிறவர் அல்ல பவுனம்மாள். போன வருடம் பாத்தியை ஒட்டிய கால்வாயை அகலப்படுத்த இயந்திரம் வந்தது. பாத்தி போயிற்று, கொட்டகை போயிற்று, கொட்டகையில் இருந்த விதை டின்னும் போயிற்று. ஒரு விதை மிச்சமில்லை. இரண்டு பஸ் மாறி ஆய்வு நிலையத்துக்குப் போய், ஒரு கைப்பிடி கேட்டார். கவுண்டரில் என்ன சொன்னார்கள் தெரியுமா? "ஆன்டி, இது நிலையத்தோட சொத்து. வெளியாளுக்குக் கொடுக்க முடியாது."

வெளியாளா? விதைத்தவர் வெளியாளா? வெயிலில் வெந்தவர் வெளியாளா? வாரிக் கொடுத்தவர் வெளியாள், வாங்கிப் போனவர் வீட்டுக்காரரா?

"நல்ல நாளும் அதுவுமா இது எதுக்கு அண்ணே" என்று பின்னாலிருந்து ஒரு குரல். கழுத்தில் மாலை விழுகிற நாளில் கேட்காமல் வேறு எந்த நாளில் தம்பி கேட்பது?

டாக்டர் தலை குனிகிறார். நீங்கள் கெட்டவர் அல்ல ஐயா. அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன். வீட்டுக்குப் பின்னால் புதுப் பாத்தி கொத்தி வைத்துவிட்டு அந்த அம்மா காத்திருக்கிறார். உங்கள் குளிர் அறையிலிருந்து ஒரு கைப்பிடி, ஒரே ஒரு கைப்பிடி. எந்தக் கிழமை? தலைவர் மணியடிக்கிறார், அடிக்கட்டும். கிழமை தெரியாமல் இந்த மைக்கை விட்டு நகரமாட்டேன்.

திங்கட்கிழமை என்கிறார் டாக்டர். தானே கொண்டுவந்து தருகிறாராம். ஆறாவது வரிசையில் இருக்கும் பவுனம்மாளே, கேட்டதா?

என்ன சொல்கிறார்? சத்தமாகச் சொல்லுங்கள் அம்மா.

"எழுதிக் கொடுக்கச் சொல்லு" என்கிறார்.

டாக்டர் ஐயா, இதோ என் பேனா. அவர் எழுதி முடிக்கும்வரை அமைதி காக்கப்போகும் உங்கள் எல்லோருக்கும் நன்றியும் வணக்கமும்.