மூணாவது பாட்டு

ஞானம்: …அடுப்பங்கரைக்கு நீ எதுக்குயா போற? இன்னா வேணும் சொல்லு, எடுத்தாறேன்.

லியோனார்ட்: தண்ணி குடிக்கத்தாமே. சொந்த வூட்ல தண்ணி மொள்ளக்கூட உன்னைக் கேக்கணுமா?

ஞானம்: எண்ணெ சட்டி காயுது. மேல தெறிச்சுரும். நீ குந்து. ரேடியோவப் போட்டுட்டு ஏன் எழுந்துக்கற… இந்தா, தண்ணி.

லியோனார்ட்: இன்னாமே, கண்ணு எங்க கீது? பாதி தண்ணி தரையில.

ஞானம்: ரேடியோ மேலதான்யா கீது. கிறிஸ்மஸ் பாட்டு ஆரம்பிச்சிருப்பான். நம்ம ஆலிஸ் பாட்டு வருமோ, வராதோ…

லியோனார்ட்: அந்தப் பேர எடுக்காதன்னேன்.

ஞானம்: பெத்தவ எடுக்காம எவ எடுப்பா? பாய் வூட்டுப் புள்ள தமீமக் கட்டிக்கினா. கொலையா பண்ணிட்டா? ரேடியோவுக்குப் பாட்ட ரெக்கார்டு பண்ணப்போ நம்ம வூட்லதான இருந்தா. பாவம், அவுங்க வூட்ல ரேடியோகூட இல்ல.

லியோனார்ட்: அது உனுக்கு எப்டித் தெரியும்?

ஞானம்: …மார்க்கெட்ல யாரோ சொன்னாங்க.

லியோனார்ட்: ம். அவ பாட்டு வராது. வேற பாட்டு போடுங்கன்னு கோயில்ல கூட்டம் போட்டு ரேடியோ ஆபீசுக்கு லெட்டர் எழுதிட்டாங்க. பொண்ணோட அப்பனே கொண்டுபோய்க் குடுக்கட்டும்னு எங்கைல குடுத்தாங்க.

ஞானம்: நீயும் வாங்கிக்கினு போன.

லியோனார்ட்: போனேன். அதுக்கு இன்னா?

ரேடியோ: …கிறிஸ்துமஸ் சிறப்பு நிகழ்ச்சியில் இதுவரை இரண்டு ஆலயங்களின் பாட்டுக் குழுவினர் பாடக் கேட்டீர்கள்…

ஞானம்: ரெண்டு முடிஞ்சிட்ச்சா? மூணாவதுதான நம்ம கோயிலு…

லியோனார்ட்: சவுண்ட ஏத்து.

ஞானம்: தெருவுக்கே கேக்கும்யா.

லியோனார்ட்: கேக்கட்டும். ஆர்பர் வேலையில கிரேன் சத்தம் கேட்டுக் கேட்டு எங்காது போயிட்ச்சு.

ஞானம்: நேத்து வரைக்கும் நல்லாத்தான கேட்டுச்சு… யோவ்… அவ கொரல் வந்தா ரேடியோவத் தூக்கிப் போட்டு ஒடைப்பேன்னியே.

லியோனார்ட்: சொன்னேன்.

ஞானம்: ஒடைச்சுக்கோ. ரேடியோவோட நிறுத்திக்கோ. வேற யார் மேலயும் கை வெக்காத.

லியோனார்ட்: வேற யாரு கீறா வூட்ல?

ஞானம்: …யாருமில்ல. பேச்சுக்குச் சொன்னேன்.

ரேடியோ: அடுத்து, ராயபுரம் பாட்டுக் குழுவினர். தனித்துப் பாடுபவர், குமாரி ஆலிஸ் லியோனார்ட்.

ஞானம்: மாதாவே… யோவ்… அப்போ அந்த லெட்டரு?

லியோனார்ட்: என் காக்கி சட்டைப் பையில கீது. ரேடியோ ஆபீஸ் கேட்டு வரைக்கும் போனேன். காலு உள்ள போவல.

ஞானம்: இத்தினி நாளா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியேயா… நான் இன்னா பாடு பட்டேன்…

லியோனார்ட்: நீ மட்டும் சொன்னியா? தண்ணி ட்ரம்முக்குப் பின்னால அவ செருப்ப ஒளிச்சு வச்சா எங்கண்ணுல படாதா? சவுண்ட இன்னும் ஏத்துமே. அடுப்பங்கரையில நிக்கறவளுக்கும் கேக்கட்டும்.