செல்லாரில் நின்ற வண்டி

“ஹலோ... ஹலோ, லாட்ஜுக்குக் கீழ, செல்லார் பார்க்கிங்குதானே? திருப்பதிதானே?... ஆமா, ஆமா, டோக்கன் பின்னால இந்த நம்பர்தான் போட்டிருக்குதுன்னு எங்க நைனா சொன்னாரு. டோக்கன் நாப்பத்தேழு. வெள்ளை டாக்ஸி, குடுபல்லி முனியப்பன் வண்டி... நான் அவரு பொண்ணு யமுனா. பெங்களூருலேருந்து பேசறேன்.”

ஆபீஸ் போனைக் காதில் அழுத்திக்கொண்டு யமுனா நின்றாள். தன் செல்போனைப் பக்கத்து சீட்டு செல்வியிடம் கொடுத்து, நைனா எடுக்கும்வரை விடாமல் அடிக்கச் சொல்லியிருந்தாள். இதோடு பதினோரு தடவை. ரிங் போகிறது, எடுக்க ஆளில்லை.

“மொதல்ல ஒண்ணு சொல்லுங்க. ரெண்டு நாளா மழை. கயிறு கட்டி ரோட்ட மறிச்சது போலீஸ். வண்டிய எடுக்கவே முடியாதப்போ மணிக்கு இவ்ளோன்னு எப்பிடி ஏத்திக்கினே போவீங்க?... எந்த ரூல்ஸு, காட்டுங்க... சாவிய வாங்கி வெச்சிக்கினு, துட்டு குடுத்தாத்தான் தருவேன்னா அதுக்குப் பேரு என்னா?... சத்தம் போடல. என் கொரலே இப்பிடித்தான்.”

காலையில் நைனா டீக்கடைக்காரர் போனிலிருந்து கூப்பிட்டிருந்தார். ரோட்டில் கயிற்றை அவிழ்த்துவிட்டார்கள், செல்லாரில் முட்டியளவு தண்ணீர்தான், இப்போதே எடுத்தால் வண்டி தப்பும், தொள்ளாயிரம் அனுப்பு கண்ணு என்று கெஞ்சினார். ஒரு பைசா தரக்கூடாது, நியாயம் நம் பக்கம், நீ அங்கேயே நில், நான் பேசிக்கொள்கிறேன் என்று யமுனாதான் வீறாப்பாகச் சொன்னாள். பிறகு மீட்டிங், மூன்று மணி நேரம். சொந்த போன் இருக்க அடுத்தவர் போனில் எதற்குப் பேசுகிறார் என்று கேட்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

“இப்ப எவ்ளோ தண்ணி?... இடுப்புக்கு மேலயா?... சரி. சரிங்க, சண்டை வேணாம். துட்டு இப்பவே அனுப்பறேன், மொத்தமும். சாவிய அவருகிட்ட... இல்ல, சாவிகூட வேணாம். வண்டி போனா போவுது. அவர மேலயே நிக்கச் சொல்லுங்க, அது போதும்... உங்க பக்கத்துலதானே நிக்கறாரு?”

லைனில் மழை மட்டும் கேட்டது.

“அண்ணா... உங்க பேரு என்னா?... சின்னப்பண்ணா, சொல்லுண்ணா. நைனா எங்க?... கீழயா? எப்போ?... எதுக்கு உட்டீங்க?... ஆமா, அதுல பின்கதவு லாக் ஆவாது, சாவி இல்லாமலே தொறக்கும். உள்ள என்னா எடுக்கப் போனாரு?... போனா? போன் வண்டியிலயா இருக்குது?... என்னா சத்தம் கேட்டுது?... நாதஸ்வரமா?”

தன் நம்பருக்கென்று தனியாக அந்த நாதஸ்வரத்தை ரிங்டோனாக வைத்துக் கொடுத்தவள் அவளேதான். மூன்று ரிங்குக்குள் எடுக்காவிட்டால் மகள் திட்டுவாள் என்று, ஓடுகிற வண்டியை ஓரங்கட்டிவிட்டு எடுக்கிற மனிதர் அவர்.

“செல்வி, கட் பண்ணு. அடிக்காத. கட் பண்ணுடி.”

மறுபடி ஆபீஸ் போனுக்குத் திரும்பினாள்.

“அண்ணா, நிறுத்திட்டேன். நாங்கதான் அடிச்சிக்கினு இருந்தோம்... கீழ சத்தம் நின்னுடுச்சா?... இப்ப கத்திக் கூப்புடுண்ணா. உன் பொண்ணு இந்த லைன்ல இருக்குது, மேல வான்னு சொல்லு... ஸ்பீக்கர் போடு, நானே கூப்புடறேன்... போட்டியா?... நைனா... நைனா, போன உட்டுட்டு வா நைனா. நான் திட்டமாட்டேன்... அண்ணா, பதில் சொல்றாரா?... அண்ணா?”

லைன் அறுந்தது.

ரிசீவரை வைக்கவும் தோன்றாமல் நின்றாள். செல்வியின் கையிலிருந்த செல்போன் அடித்தது. திரையில் நைனா என்று இருந்தது. எடுக்காமல் போன அத்தனை அழைப்புக்கும் சேர்த்து, அவரே கூப்பிடுகிறார்.

யமுனா முதல் ரிங்கிலேயே பிடுங்கி எடுத்தாள்.

“நைனா, மேலயா, கீழயா?...”