தூங்கினால் குணம்

— கண்ணைக் காட்டு மோரக். செவந்து கெடக்கே. தூங்கவே இல்லையா நீ?

— பீடத்துக் கல்லோட சேர்த்துக் கட்டிப் போட்டா உனக்குத் தூக்கம் வருமா அண்ணே? அதுவும் நனைஞ்ச துணியோட?

— கெணத்துத் தண்ணி தெளிச்சாத்தான் புனிதர் மனசு எறங்குவார். நம்ம தீவு வழக்கம் உனக்குத் தெரியாததா?

— தெளிச்சீங்களா, ஊத்தினீங்களா? கோயிலைச் சுத்திச் சுத்தி மாடு மாதிரி இழுத்தீங்க. உன் பொண்டாட்டி பின்னால நின்னு தள்ளினா.

— அவளை விடு. வெளியில பெரியவங்க காதைத் தீட்டிக்கிட்டு நிக்கிறாங்க. தூங்கினேன்னு ஒரு வார்த்தை சொல்லிடு. இந்தக் கோயில்ல தூங்கி எழுந்தவளுக்குப் பைத்தியம் தெளிஞ்சாச்சுன்னு விட்டுடுவாங்க.

— எனக்கு ஏது பைத்தியம், தெளியறதுக்கு? என் புருஷன் ஃபின்லேயை அந்தப் படகுக்காரன் ஊஷ்டன் துடுப்பால மண்டையில அடிச்சுக் கடல்ல தள்ளினான். பாறை மேல நின்னு பார்த்தேன். பார்த்ததைச் சொன்னேன்.

— மெல்லப் பேசு தாயி.

— ஏன், புனிதருக்குக் கேட்டுடுமா?

— இருக்கிறதே அவன் படகு ஒண்ணுதான். அவனைக் கொலைகாரன்னு சொல்லிட்டு நாளைக்கு எதுல ஏறிக் கடலுக்குப் போவேன் நான்? குளிர்காலம் முழுக்கப் பாசியைத் திங்கவா?

— அதனால நான் பைத்தியக்காரி.

— தூங்கலைன்னு சொன்னா பெரிய தீவுக்கு அனுப்பிச் சங்கிலியில போட்டுடுவாங்க. உன் புள்ள ராவெல்லாம் அழுதான். ஆட்டுப்பாலைத் துப்புறான்.

— எனக்கு மார் கட்டிக்கிட்டு உயிர் போகுது அண்ணே. அவனைக் கொண்டா.

— சொல்லு, கொண்டாரேன்.

— சொன்னா என்கிட்டயே விட்டுடுவீங்களா?

— உன்கிட்டதான் இருப்பான். இந்தப் பீடத்து மேல சத்தியம்.

— ஊஷ்டனைப் பத்திச் சொன்னது?

— சித்தம் கலங்கிப் பேசினது. ஒண்ணும் பார்க்கலைன்னு சொல்லிடு.

— செத்தவன் மன்னிக்கட்டும். பெரியவங்களே, கேளுங்க. தூங்கினேன். நல்லாத் தூங்கினேன். கடல்ல நான் ஒண்ணையும் பார்க்கலை. போதுமா அண்ணே? கட்டை அவிழு. கை மரத்துப் போச்சு. என்ன வாசலையே பார்க்கிறே?

— நான் அவிழ்க்கக் கூடாது மோரக். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறவன்தானே அவிழ்க்கணும்.

— நீதானே கூட்டிட்டுப் போறே?

— உனக்குக் குணமாச்சுன்னா உன்னையும் புள்ளையையும் தன்னோட வச்சுக்கிறேன்னு ஊஷ்டன் கேட்டான், நானும் சரின்னுட்டேன். அந்தா, புள்ளையைத் தூக்கிக்கிட்டு அவனே வர்றான்.