கதவடியில் கிடந்த ஈரத்துணி

என் பெயர் எடித் கிரிம்ஷா. வயது இருபத்தொன்பது. கணவர் இறந்துவிட்டார். பருத்தி ஆலையில் தறி ஓட்டுகிறேன். லங்காஷயரில் கேஸ் கம்பெனி மதிலை ஒட்டிய டார்ன் தெரு, பதினாறாம் எண் வீட்டில் என் மகன் ஆல்பியுடன் வசிக்கிறேன். நான் தற்கொலைக்கு முயன்றதாகக் குற்றம் சாட்டியிருக்கிறார்கள். நான் சாக முயலவில்லை.

சனிக்கிழமை மதியம் ஆலை விட்டு வந்தேன். ஆல்பிக்குக் கக்குவான் இருமல் அதிகமாக இருந்தது. அதனால் பக்கத்து வீட்டு ஹன்னா ஓக்டன் அவனைக் கேஸ் கம்பெனிக்குக் கூட்டிப்போனாள். நிலக்கரி வாயுவைச் சுத்தம் செய்யும் சுண்ணாம்புத் தொட்டியருகே பிள்ளைகளை நிறுத்தி மூச்சிழுக்க வைப்பது எங்கள் ஊர் வைத்தியம். "நீ போய்ப் படுடி, நின்னுக்கிட்டே தூங்குற. பட்டாணி வெந்தா எனக்கும் ஒரு கிண்ணம் எடுத்து வை" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அதன்பின் கருப்புப் பட்டாணியைக் கேஸ் அடுப்பில் சிறு தீயில் வைத்து, கதவடியில் ஈரத்துணி போட்டுவிட்டுப் படுத்தேன். பிறகு நடந்தது எனக்குத் தெரியாது. எதிர்வீட்டுத் தையற்காரர் வில்ஃப்ரெட் ஹோல்ட், தன் வீட்டு அடுப்பு தானாக அணைந்து, சற்று நேரத்தில் வாயு மட்டும் திரும்ப வந்ததாகவும், தெருவில் நாற்றம் அடித்ததால் என் கதவை உடைத்ததாகவும் சொல்கிறார்.

என்னைச் சேர்த்திருந்த ஆஸ்பத்திரிக்குக் கேஸ் கம்பெனி இன்ஜினியரும் போலீஸ் சார்ஜன்டும் வந்தார்கள். குழாய் பழுது பார்க்க வாயுவைச் சற்று நேரம் நிறுத்தித் திரும்பத் திறந்துவிட்டதை இன்ஜினியரே ஒப்புக்கொண்டார். தெருவில் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"புள்ளைய வெளிய அனுப்பிட்டு, கதவிடுக்கையும் அடைச்சிட்டு, எங்க தலையில பழி போடுறியாம்மா?" என்றார் இன்ஜினியர்.

"சாகப்போறவ பட்டாணி வேக வெப்பாளாய்யா?" என்றேன்.

சார்ஜன்ட் துணியை எழுதிக்கொண்டார். பட்டாணியை எழுதவில்லை.

கம்பெனியில் கரி வாட்டும் உலைகளைத் திறக்கும்போதெல்லாம் புகை எங்கள் வீட்டுக்குள் வருகிறது. டார்ன் தெருவில் ஈரத்துணி இல்லாத கதவு ஒன்றும் கிடையாது. அவர்கள் புகைக்காக நாங்கள் போடும் துணியைக் காட்டியே என்னைச் சிறைக்கும் என் மகனை அனாதை விடுதிக்கும் அனுப்பப் பார்க்கிறார்கள்.

இங்கே அழைத்து வந்தபோது இந்த ஸ்டேஷனின் பின்கதவைப் பார்த்தேன். அதன் அடியிலும் ஈரத்துணி கிடக்கிறது. அதையும் எழுதச் சொன்னேன். எழுதிய பிறகே, நான் சொன்னதெல்லாம் நடந்தது நடந்தபடி என்று கையெழுத்துப் போடுகிறேன்.

எடித் கிரிம்ஷா